இளம் வயதில் நுரையீரல் புற்றுநோய்: மருந்து தொடங்கும் முன் மரபணுவைக் கேளுங்கள்

நாற்பது வயதைத் தாண்டாத ஒருவருக்கு நுரையீரல் புற்றுநோய் என்று சந்தேகம் வந்திருக்கிறது, அல்லது உறுதியாகிவிட்டது. அந்தக் குடும்பத்துக்காக இதை எழுதுகிறேன். மஸ்கெலியா, பொகவந்தலாவை, தலவாக்கலை, ஹப்புத்தளை, பசறை என்று எந்தப் பக்கம் இருந்தாலும் நடக்கிற பாதை ஏறக்குறைய ஒன்றுதான். தோட்டத்து டிஸ்பென்சரி, டவுன் ஆஸ்பத்திரி, மார்பு கிளினிக், அப்புறம் கண்டி அல்லது பதுளை, தேவைப்பட்டால் மஹரகம புற்றுநோய் ஆஸ்பத்திரி. இந்தப் பாதையில் நாமாகக் கேட்டு வாங்க வேண்டிய ஒன்று இருக்கிறது. கட்டியில் எந்த மரபணு மாறியிருக்கிறது என்று பார்க்கும் பரிசோதனை. வயதானவர்களுக்கே அது முக்கியம். இளம் வயதுக்காரருக்கு அதைப் பார்க்காமல் மருந்து தொடங்குவது, காத்திருக்கவே முடியாத அவசரத்தில் மட்டும்தான் சரி.

மருந்தைத் தீர்மானிப்பவர் டொக்டர்தான். அவரிடம் எதைக் கேட்பது, எந்தத் தாளைப் பத்திரமாக வைப்பது என்பது வரைதான் என் வேலை.

இளம் வயதில் என்ன வித்தியாசம்

நுரையீரல் புற்றுநோய் பெரும்பாலும் அறுபதைத் தாண்டியவர்களுக்கு வருகிறது. நாற்பதுக்குக் கீழே அபூர்வம். வந்தால் அதன் குணம் வேறு. சிகரட் தொடாதவர்கள் அதிகம், பெண்களின் பங்கு அதிகம், அடினோகார்சினோமா என்ற வகை அதிகம். கண்டுபிடிக்கும்போதே நான்காம் கட்டத்தில், அதாவது உடம்பின் வேறு இடங்களுக்கும் பரவிய நிலையில், இருப்பதும் அதிகம். கடைசியாகச் சொன்னதற்குக் கட்டியின் வேகம் மட்டும் காரணமில்லை. இருபத்தெட்டு வயதுப் பிள்ளை இருமினால் யாருக்கும் புற்றுநோய் ஞாபகத்துக்கு வருவதில்லை. மேட்டு லயத்துக்கு ஏறும்போது மூச்சு வாங்கினால் அந்தப் பழியை ஏற்றத்தின் மேல் போட்டுவிடுகிறோம்.

பொஸ்டன் நகர ஆய்வாளர்கள் 2,237 நோயாளிகளின் விவரங்களை வைத்துச் செய்த ஆய்வு 2016இல் வெளிவந்தது. ஐம்பதுக்குக் கீழே நோய் கண்டவர்களுக்கு, மருந்தால் குறிவைக்கக்கூடிய மரபணு மாற்றம் இருக்கும் வாய்ப்பு 59 சதவீதம் கூடுதலாக இருந்தது. நல்ல செய்திதான். ஆனால் நாற்பதுக்குக் கீழே உள்ளவர்கள் உயிரோடிருந்த காலம், எழுபதைத் தாண்டியவர்களுடையதைப் போலவே குறைவாக இருந்ததையும் அதே ஆய்வு காட்டியது. சின்ன வயது, உடம்பு தாங்கிக்கொள்ளும் என்று ஆறப்போட இடமில்லை.

மரபணு மாற்றம் என்றால் என்ன? செல் எப்போது பெருக வேண்டும், எப்போது நிற்க வேண்டும் என்பதைச் சில மரபணுக்கள் கட்டுப்படுத்துகின்றன. அவற்றில் ஒன்று கெட்டுவிட்டால், மரை தேய்ந்த தண்ணீர்க் குழாய் மாதிரி, எவ்வளவு திருகினாலும் மூடாது. பெருக்கம் ஓடிக்கொண்டே இருக்கும். சிகரட்டால் வந்த கட்டியில் ஏராளமான சின்னச் சேதங்கள் குவிந்து கிடக்கும். சிகரட் பிடிக்காத இளம் வயதினரின் கட்டியைப் பல நேரம் ஒரே ஒரு பெரிய கோளாறுதான் ஓட்டுகிறது. அதனால்தான் அந்த ஒன்றை மட்டும் அடைக்கும் மாத்திரை இவர்களில் நன்றாக வேலை செய்கிறது.

ஏன் வந்தது என்று தேடி வீட்டில் சண்டை வேண்டாம். லயத்து அடுப்பின் விறகுப் புகையைப் புற்றுநோய் ஆய்வுக்கான சர்வதேச முகமை ‘அநேகமாகப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது’ என்ற வகையில் வைத்திருக்கிறது. பக்கத்தில் இருப்பவர் விடும் சிகரட் புகைக்கும் பங்கு உண்டு. ஆனால் இந்தப் பிள்ளைக்கு இதனால்தான் வந்தது என்று யாராலும் கைகாட்ட முடியாது. புகைபிடிக்கும் பழக்கம் இருந்தால் மட்டும், டொக்டர் கேட்கும்போது மறைக்க வேண்டாம். அப்பா பக்கத்தில் நிற்கிறார் என்பதற்காக ‘இல்லை’ என்று சொல்லும் தம்பிமார் நிறையப் பேர்.

முதல் படி: டி.பி. என்ற இடத்திலேயே நின்றுவிடாதீர்கள்

மலையகத்தில் இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் என்றால் முதலில் டி.பி. பார்ப்பார்கள். பார்க்கத்தான் வேண்டும். மார்பு கிளினிக்கில் சளிப் பரிசோதனையும் மருந்தும் இலவசம். சளியில் கிருமி இருந்தால் மருந்தை ஒழுங்காகக் குடித்து முடியுங்கள்.

சிக்கல் எங்கே வருகிறதென்றால், சளியில் கிருமி இல்லை, ஆனாலும் எக்ஸ்ரேயைப் பார்த்து டி.பி.யாக இருக்கலாம் என்று மருந்து தொடங்கும் இடத்தில். சில மரபணு மாற்றங்கள் உள்ள புற்றுநோய், முக்கியமாக ஈ.ஜி.எஃப்.ஆர். என்ற மரபணு மாறிய வகை, இரண்டு நுரையீரலிலும் கடுகு தூவியதைப் போலச் சின்னச் சின்னப் புள்ளிகளாகப் பரவும். எக்ஸ்ரேயில் அது டி.பி.யின் ஒரு வகையை அப்படியே ஒத்திருக்கும். நுரையீரலைச் சுற்றி நீர் கட்டுவதும் இரண்டு நோயிலும் உண்டு. மருந்து தொடங்கிச் சில வாரங்களாகியும் இருமல் குறையவில்லை, எடை ஏறவில்லை, காய்ச்சல் விடவில்லை என்றால் பேசாமல் ஆறு மாதம் ஓட்டாதீர்கள். ‘கிருமி உறுதியாகவில்லையே, சி.டி. ஸ்கேன் எடுத்துப் பார்க்கலாமா?’ என்று கேளுங்கள். மரியாதையாகக் கேட்டால் எந்த டொக்டரும் கோபிக்க மாட்டார். கோபித்தாலும் பரவாயில்லை.

சளியில் ரத்தம், காரணமில்லாமல் குரல் கம்மிப்போவது, தோள் அல்லது முதுகெலும்பில் ராத்திரியில் கூடும் வலி, புதிதாக வந்த விடாத தலைவலி, வலிப்பு, ஒரு கால் மட்டும் வீங்குவது. இதில் எது இருந்தாலும் கிளினிக் நாள் வரும் வரை காத்திருக்க வேண்டாம். திடீரென்று மூச்சு முட்டினாலோ வலிப்பு வந்தாலோ 1990 சுவசரிய அம்புலன்ஸைக் கூப்பிடுங்கள், அது இலவசம். தோட்டத்து ரோட்டு உள்ளே வரை வண்டி வராது என்று தெரிந்தால், எந்தச் சந்தியில் வந்து நிற்கிறீர்கள் என்பதை அழைக்கும்போதே சொல்லிவிடுங்கள்.

இரண்டாம் படி: பயொப்சி, அதிலிருந்து வரும் பிளொக்

இதில்தான் நான் அதிக நேரம் நிற்கப் போகிறேன். இங்கே தவறினால் பின்னால் எல்லாம் தவறுகிறது.

கட்டியிலிருந்து துண்டு எடுப்பதைத்தான் பயொப்சி என்கிறோம். தொண்டை வழியாகக் குழாய் விட்டும் எடுப்பார்கள், சி.டி. பார்த்து மார்பில் ஊசி போட்டும் எடுப்பார்கள், கழுத்தில் நெறி கட்டியிருந்தால் அங்கிருந்தும் எடுப்பார்கள். கத்தி பட்டால் புற்றுநோய் பரவிவிடும் என்று லயத்தில் யாராவது நிச்சயம் சொல்வார்கள். அந்தப் பேச்சைக் கேட்டுப் பயொப்சியைத் தள்ளிப்போட்டால் நோய்தான் முன்னே போகும்.

எடுத்த துண்டைப் போர்மலினில் போட்டு, பிறகு மெழுகில் பதித்துச் சின்னக் கட்டியாக்கி ஆய்வுகூடத்தில் வைப்பார்கள். அதற்குத்தான் பிளொக் என்று பெயர். அதிலிருந்து மெல்லிசாகச் சீவி நுண்ணோக்கியில் பார்த்துத்தான் இது என்ன வகைப் புற்றுநோய் என்று சொல்கிறார்கள். மரபணுப் பரிசோதனைக்கும் அதே பிளொக்தான் வேண்டும். துண்டு சின்னதாக இருந்து, முதல் பரிசோதனைகளிலேயே எல்லாம் சீவித் தீர்ந்துவிட்டால், மரபணுவுக்கு ஒன்றும் மிஞ்சாது. திரும்ப ஊசி, திரும்பத் தேதி, திரும்ப பஸ்.

அதனால் பயொப்சிக்கு முன்பே கேளுங்கள்: ‘டொக்டர், ஆளுக்கு வயது குறைவு. மரபணுப் பரிசோதனைக்கும் போதுமான அளவு எடுக்க முடியுமா?’ இப்படி ஒரு தடவை கேட்டுவைத்தால், முடிந்த இடத்தில் இன்னும் ஒன்றிரண்டு துண்டு சேர்த்து எடுப்பார்கள்.

நுரையீரலைச் சுற்றி நீர் கட்டியிருந்து அதை எடுக்கிறார்கள் என்றால், அந்த நீருக்கும் மதிப்பு உண்டு. அதில் மிதக்கும் செல்களைத் திரட்டி மெழுகில் பதித்து ‘செல் பிளொக்’ செய்யலாம். பல நோயாளிகளுக்கு மரபணு விடை அதிலிருந்தே கிடைத்துவிடும். மூச்சு இறங்கட்டும் என்று எடுத்த நீர் அப்படியே கொட்டப்பட்டுப் போவதும் நடக்கிறது. முன்கூட்டியே சொல்லிவைத்தால் அது நடக்காது. எலும்பிலிருந்து துண்டு எடுப்பதானால் இன்னொரு விஷயம்: எலும்பை மென்மையாக்கக் கடும் அமிலத்தில் ஊறவைத்தால் அதிலுள்ள டி.என்.ஏ. கெட்டுப்போகும். வேறு இடத்தில் துண்டு எடுக்க முடியுமானால் அது நல்லது.

ரிப்போர்ட் வந்ததும் நோயின் பெயரைப் பாருங்கள். அடினோகார்சினோமா என்றால் மரபணுப் பரிசோதனை கட்டாயம். இளம் வயது, சிகரட் இல்லை என்றால் வேறு சில வகைகளுக்கும் கேட்கலாம். கார்சினொயிட் என்று இருந்தால் கொஞ்சம் மூச்சு விடலாம். இளம் வயதில் வரும் நுரையீரல் கட்டிகளில் அதுவும் ஒன்று, பெரும்பாலும் மெதுவாக வளர்வது, பல சமயம் அறுவைச் சிகிச்சையோடு தீரும். நட் கார்சினோமா என்ற மிக அபூர்வமான, மிக வேகமான வகையும் இளம் வயதில் வரும். அதற்குப் பாதை முற்றிலும் வேறு.

பிளொக் எந்த ஆஸ்பத்திரியின் எந்த ஆய்வுகூடத்தில் இருக்கிறது, அதன் இலக்கம் என்ன என்பதை டயக்னோசிஸ் கார்ட்டின் பின்பக்கத்தில் எழுதிவையுங்கள். கண்டியில் எடுத்து மஹரகமவுக்கு மாறும்போது நோயாளியோடு பிளொக் தானாகப் பயணம் செய்யாது. கடிதம் கொடுத்து, கையெழுத்துப் போட்டு நீங்கள் எடுத்துப்போக வேண்டிவரும். மெழுகு உருகும், ஆகவே வெயிலில் நிற்கும் வேனின் கண்ணாடிக்கு முன்னால் வைத்துவிட்டுச் சாப்பிடப் போகாதீர்கள்.

மூன்றாம் படி: எந்த மரபணுக்கள்

மூன்று பெயர்களை மனப்பாடம் செய்தால் போதும்: ஈ.ஜி.எஃப்.ஆர்., ஏ.எல்.கே., ரொஸ்-1.

நுரையீரல் புற்றுநோயில் ஈ.ஜி.எஃப்.ஆர். மாற்றம் 2004இல் தெரியவந்தது. கிழக்காசியாவில் அடினோகார்சினோமா நோயாளிகளில் பாதிப் பேர் வரை இது இருக்கிறது. இந்திய ஆய்வுகளில் ஏறக்குறைய நான்கில் ஒருவரிலிருந்து மூன்றில் ஒருவர் வரை, மேல்நாட்டவர்களில் 10 முதல் 15 சதவீதம். அதிலும் எக்ஸோன் 19 அழிவு, எல்858ஆர் என்ற இரண்டு மாற்றங்கள்தான் பெரும்பான்மை.

ஏ.எல்.கே. மாற்றம் நுரையீரல் புற்றுநோயில் இருப்பதை 2007இல் ஜப்பானில் ஹிரோயுகி மானோ குழுவினர் கண்டுபிடித்தார்கள். மொத்த நுரையீரல் புற்றுநோயில் 5 சதவீதம் அளவுதான், ஆனால் சிகரட் பிடிக்காத இளம் வயதினரில் இதன் பங்கு பல மடங்கு. நான்கே வருடத்தில், 2011இல், கிரிசோட்டினிப் என்ற மாத்திரை அமெரிக்காவில் அனுமதி பெற்றுவிட்டது. புற்றுநோய் மருந்து உலகில் அப்படி ஒரு வேகம் அபூர்வம். ரொஸ்-1 இன்னும் அபூர்வம், 1 முதல் 2 சதவீதம். அதுவும் இளம் வயதை நாடி வருவது.

இவற்றுக்கு அப்பால் ஹேர்-2, ரெட், பிராஃப், மெட், என்.டி.ஆர்.கே., கேராஸ் என்று பட்டியல் நீளும். எல்லாவற்றையும் ஒரே தடவையில் பார்க்கும் பெரிய பரிசோதனையும் உண்டு, என்.ஜி.எஸ். என்பார்கள். காசு இருந்தால், அல்லது யாராவது உதவினால், இளம் வயதுக்காரருக்கு அதையே நேரடியாகச் செய்வது நல்லது. துண்டும் மிச்சம், நாளும் மிச்சம். இல்லையென்றால் படிப்படியாகப் போகலாம். இந்த மாற்றங்கள் பெரும்பாலும் ஒன்று இருக்கும் கட்டியில் மற்றொன்று இருப்பதில்லை. ஈ.ஜி.எஃப்.ஆர். கிடைத்துவிட்டால் மற்றவற்றுக்குச் செலவழிக்கத் தேவை வராமல் போகலாம். ஏ.எல்.கே.யைச் சாயமேற்றிப் பார்க்கும் முறை ஒப்பீட்டளவில் மலிவு, விடையும் சீக்கிரம் வரும். எங்கே செய்வது, எவ்வளவு ஆகும் என்பது மாறிக்கொண்டே இருக்கிறது. கிளினிக்கில் கேட்டு, இரண்டு ஆய்வுகூடங்களிலாவது விலை விசாரித்துவிட்டு முடிவெடுங்கள்.

துண்டு போதவில்லை என்றால் ரத்தத்தில் பார்க்கலாம். கட்டியிலிருந்து ரத்தத்தில் கலக்கும் டி.என்.ஏ.யைத் தேடும் பரிசோதனை அது. ரத்தத்தில் மாற்றம் தெரிந்தால் நம்பலாம். தெரியவில்லை என்றால் இல்லை என்று முடிவுகட்ட முடியாது, திரும்பத் துண்டில்தான் பார்க்க வேண்டும்.

நான்காம் படி: ரிப்போர்ட்டைப் படிப்பது

‘மாற்றம் இல்லை’ என்பதும் ‘போதிய திசு இல்லை’ என்பதும் ஒன்றல்ல. அவசரத்தில் இரண்டையும் ‘ஒன்றும் இல்லையாம்’ என்று வீட்டில் சொல்லிவிடுகிறோம். இரண்டாவது விடை வந்தால் பரிசோதனை நடக்கவே இல்லை என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

எந்தெந்த மரபணுக்களைப் பார்த்தார்கள் என்பதும் முக்கியம். ஈ.ஜி.எஃப்.ஆர். மட்டும் பார்த்து இல்லையென்று வந்த இளம் நோயாளிக்கு ஏ.எல்.கே.யும் ரொஸ்-1உம் இன்னும் திறக்காத கதவுகள். டிபி53 என்ற இன்னொரு மரபணுவின் பெயரும் (டி.பி. நோயோடு தொடர்பில்லை) சேர்ந்து வந்தால், அதற்கென்று தனி மாத்திரை இல்லை, ஆனால் நோய் கொஞ்சம் முரண்டு பிடிக்கலாம் என்று டொக்டர் கணக்கில் எடுப்பார்.

அப்புறம் ஊரில் எல்லோரும் கேட்கும் கேள்வி: மரபணு என்றால் பரம்பரையா? தங்கச்சிக்குக் கல்யாணம் பேசுகிறோமே? இதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். மேலே சொன்ன மாற்றங்கள் கட்டிக்குள் மட்டும், பிறந்த பிறகு உண்டானவை. அம்மா அப்பாவிடமிருந்து வந்தவையும் இல்லை, பிள்ளைகளுக்குப் போகக்கூடியவையும் இல்லை. பரம்பரையாக வரும் சில மாற்றங்கள் இருக்கவே செய்கின்றன, ஆனால் மிக அபூர்வம். குடும்பத்தில் பலருக்கு இளம் வயதிலேயே வெவ்வேறு புற்றுநோய்கள் வந்திருந்தால் மட்டும் அதை டொக்டரிடம் சொல்லுங்கள். ஒரு பெண்ணின் சம்பந்தத்தை இந்த ரிப்போர்ட்டைக் காட்டி யாராவது முறித்தால் அது அறியாமை, வேறொன்றும் இல்லை.

ஐந்தாம் படி: கட்டி எங்கே போகப் பார்க்கும்

மரபணுவைத் தெரிந்துகொண்டால் கட்டியின் நடத்தையையும் ஓரளவு முன்கூட்டியே கவனிக்கலாம். ஈ.ஜி.எஃப்.ஆர். மாற்றம் உள்ளவை மூளைக்கும் எலும்புக்கும் போவது அதிகம். ஏ.எல்.கே. உள்ளவையும் மூளையை நாடும். நுரையீரலையும் இதயத்தையும் சுற்றி நீர் கட்டும். ஏ.எல்.கே., ரொஸ்-1 இரண்டிலும் ரத்தம் உறையும் ஆபத்து மற்ற நுரையீரல் புற்றுநோய்களைவிடக் கூடுதல். ஒரு கால் வீங்கினால் ஓடுங்கள் என்று முன்னால் எழுதியது இதனால்தான். கண்டி பஸ்ஸில் மணிக்கணக்காகக் காலை மடக்கி உட்கார்ந்து போகிறவர்கள் இடையில் இறங்கி நாலு அடி நடக்கட்டும்.

தலைவலி இல்லாவிட்டாலும் தொடக்கத்தில் ஒரு தடவை மூளையை எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்ப்பது நல்லது. மூளையில் சின்னப் புள்ளிகள் தெரிந்தால் அத்தோடு எல்லாம் முடிந்தது என்று அர்த்தமில்லை. ஒஸிமெர்டினிப் (ஈ.ஜி.எஃப்.ஆர்.க்கு), அலெக்டினிப், லோர்லாட்டினிப் (ஏ.எல்.கே.க்கு) போன்ற புதிய மாத்திரைகள் மூளைக்குள்ளும் போய் வேலை செய்பவை.

ஆறாம் படி: விடை வரும் வரை

இந்த வாரங்கள்தான் கொடுமை. கைக்காசு இருப்பவர்களுக்கு, உடம்பின் நோய் எதிர்ப்புச் சக்தியைக் கட்டிக்கு எதிராகத் தூண்டும் ‘இம்யூனோதெரபி போட்டுவிடலாமே’ என்ற யோசனை வரும். விலை அதிகம் என்பதால் அதுதான் பெரிய மருந்து என்று நாம் நினைத்துவிடுகிறோம். ஈ.ஜி.எஃப்.ஆர்., ஏ.எல்.கே. மாற்றம் உள்ள கட்டிகளில் அது பெரிதாக வேலை செய்வதில்லை. அதைப் போட்ட கொஞ்ச நாளில் ஒஸிமெர்டினிப் தொடங்கினால் நுரையீரல் கடுமையாக அழற்சி அடையும் ஆபத்தும் கூடுகிறது. விடை வரும் வரை அதைத் தவிர்க்கச் சொல்வதில் நியாயம் இருக்கிறது. நிலைமை மோசமாகி உடனே ஏதாவது செய்தாக வேண்டும் என்றால் சாதாரணக் கீமோவைத் தொடங்கிவிட்டு, விடை வந்ததும் மாற்றிக்கொள்ளலாம். இதை டொக்டரிடம் வெளிப்படையாகப் பேசுங்கள்.

கல்யாணமான, ஆகப்போகிற வயது இது. கீமோவுக்கு முன்பே ‘பிறகு பிள்ளை பெற முடியுமா, விந்தணுவோ கருமுட்டையோ சேமிக்க வழி உண்டா’ என்று கேளுங்கள். கூச்சமாகத்தான் இருக்கும். கீமோ ஏறிய பிறகு கேட்பதைவிட இப்போது கேட்பது நல்லது. மாத்திரை எடுக்கும் காலத்தில் கர்ப்பம் கூடாது. கைக்குழந்தை இருந்தால் தாய்ப்பால் பற்றியும் கேட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. நோயாளியிடம் நோயின் பெயரை மறைத்துவைத்துக்கொண்டு, குடும்பமே டொக்டரின் அறைக்கு வெளியே குசுகுசுக்கிறது. எழுபது வயதுத் தாத்தா விஷயத்தில்கூட எனக்கு இது சரியாகப் படவில்லை. முப்பது வயதுக்காரர் தன் போனில் மாத்திரையின் பெயரைத் தட்டினால் அடுத்த நொடி எல்லாம் தெரிந்துவிடும். வருடக்கணக்காக மாத்திரையைத் தானே எடுத்து, பக்கவிளைவைத் தானே கவனிக்க வேண்டியவர் அவர். சொல்லுங்கள்.

ஏழாம் படி: மாத்திரையோடு வாழ்வது

ஈ.ஜி.எஃப்.ஆர். என்றால் ஜெஃபிட்டினிப், எர்லோட்டினிப் பழையவை. ஒஸிமெர்டினிப் புதியது, வழக்கமாக 80 மில்லிகிராம், நாளுக்கு ஒன்று. முதல் மருந்தாகக் கொடுத்துப் பார்த்த பெரிய ஆய்வில், நோய் மீண்டும் வளராமல் இருந்த காலத்தின் நடுமதிப்பு ஒஸிமெர்டினிப்பில் 18.9 மாதம், பழையவற்றில் 10.2 மாதம். ஏ.எல்.கே.யில் கதை இன்னும் நம்பிக்கையானது: லோர்லாட்டினிப் எடுத்தவர்களில் ஐந்து வருடம் கழித்தும் 60 சதவீதம் பேருக்கு நோய் முன்னேறவில்லை. நான்காம் கட்டத்தில் உள்ளவர்களைப் பற்றிய கணக்கு இது என்பதையும் சேர்த்துப் படியுங்கள்.

புதிய மாத்திரைகள் விலை கூடியவை. கிளினிக்கில் எது இருக்கிறது என்று முதலில் கேளுங்கள். புதியது கிடைக்கும் வரை பழையதைத் தொடங்குவது, ஒன்றும் இல்லாமல் காத்திருப்பதைவிட எவ்வளவோ மேல். வெளிநாட்டுப் போலி மாத்திரைகளும் சந்தையில் உலவுகின்றன. ஃபேஸ்புக்கில் பார்த்தேன், தெரிந்தவர் பையில் கொண்டுவந்தார் என்று வாங்காமல், பெட்டியை டொக்டரிடமோ மருந்தாளரிடமோ காட்டிய பிறகு தொடங்குங்கள்.

பக்கவிளைவுகளில், ஈ.ஜி.எஃப்.ஆர். மாத்திரைகளுக்கு முகத்திலும் நெஞ்சிலும் பரு, வயிற்றோட்டம், நகக்கண்ணில் புண். முகப்பருவைப் பார்த்துப் பயந்து மாத்திரையை நிறுத்திவிடுவார்கள், அதுவும் பெண் பிள்ளைகள். நிறுத்தாமல் களிம்பு கேளுங்கள். நகக்கண் புண்ணோடு கொழுந்து பறிக்கவோ ஈரத்தில் நிற்கவோ முடியாது. அலெக்டினிப்பைச் சாப்பாட்டோடு எடுக்க வேண்டும். தசைவலியும் மலச்சிக்கலும் வரும், வெயிலில் தோல் சீக்கிரம் கருகும். லோர்லாட்டினிப் கொழுப்பைக் கூட்டும். சிலருக்கு மறதி, எரிச்சல், மனம் மாறுவது எல்லாம் வரும். ‘புள்ள முன்ன மாதிரி இல்லை’ என்று வீட்டில் பட்டால் அதையும் கிளினிக்கில் சொல்லுங்கள், அளவைக் குறைத்தாலே சரியாகலாம். எந்த மாத்திரையானாலும் புதிதாக மூச்சு வாங்கலும் வறட்டிருமலும் வந்தால் அன்றே காட்ட வேண்டும்.

வேறு மருந்துகளோடு முட்டுவதில் இரண்டைப் பற்றி எச்சரிக்க வேண்டும். ஒன்று, ஒமெப்ரசோல். நெஞ்செரிச்சல் என்று கடையில் கேட்டாலே கொடுத்துவிடுகிறார்கள். ஜெஃபிட்டினிப்பும் எர்லோட்டினிப்பும் உடம்பில் சேர்வதை அது குறைத்துவிடும். இரண்டாவது நமக்கு மிகவும் நெருங்கியது: டி.பி. மருந்தான ரிஃபாம்பிசின் இந்த மாத்திரைகள் பலவற்றின் அளவை ரத்தத்தில் இறக்கிவிடும், லோர்லாட்டினிப்போடு சேரவே கூடாது. டி.பி. மருந்து எடுத்துக்கொண்டிருந்தாலோ எடுத்திருந்தாலோ அந்த அட்டையைப் புற்றுநோய் கிளினிக்கிலும் காட்டுங்கள். கஷாயம், லேகியம் எடுத்தாலும் மறைக்க வேண்டாம்.

வழி, காசு, பாஷை

ஹட்டன் பக்கத்திலிருந்து மஹரகம அபேக்ஷா வைத்தியசாலைக்குப் போகிறவர்கள் கொழும்பு வரை போய்த் திரும்பத் தேவையில்லை. அவிசாவளையில் இறங்கி ஹைலெவல் ரோட்டில் போகும் 122 பஸ்ஸைப் பிடித்தால் மஹரகமவிலேயே இறங்கலாம். அதற்கு முன், தொடர் சிகிச்சையைக் கண்டியிலோ பதுளையிலோ பெற முடியுமா என்று கேளுங்கள். மாத்திரைச் சிகிச்சை என்றால் மாதாமாதம் அவ்வளவு தூரம் போகாமல் இருக்க வழி கிடைக்கலாம். கொழும்பில் கடையிலோ கார்மெண்டிலோ வேலை செய்யும் பிள்ளைகள், எந்த விலாசத்தில் கிளினிக் பதிவது என்பதை முதலிலேயே யோசித்துக்கொள்ளுங்கள். பாதி ரிப்போர்ட் அங்கே, பாதி இங்கே என்று சிதறினால் பிளொக்கையும் தேட வேண்டிவரும்.

அரசாங்க ஆஸ்பத்திரியில் சிகிச்சை இலவசம்தான். வெளியே செய்யும் மரபணுப் பரிசோதனையும், கிடைக்காத மாத்திரையும்தான் சல்லியைத் தின்னும். ஜனாதிபதி நிதியத்தின் மருத்துவ உதவிக்குப் பிரதேச செயலகத்தில் விசாரியுங்கள், டொக்டரின் கையெழுத்து வேண்டும். ஊழியர் சேமலாப நிதியில் 30 சதவீதம் வரை மருத்துவச் செலவுக்காக முன்கூட்டியே எடுக்கும் ஏற்பாடு உண்டு. நிபந்தனைகள் இருக்கின்றன, தொழில் திணைக்கள அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். நகையை அடகுவைப்பதாக இருந்தால், முதல் அடகு பரிசோதனைக்காக இருக்கட்டும். எந்த மாத்திரை என்று தெரியாமல் மாத்திரைக்குச் சேர்ப்பதில் பயனில்லை.

கிளினிக்கில் சொல்வது சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் ஓடிவிடும். தமிழில் சொல்லச் சொல்லிக் கேட்பது உங்கள் உரிமை; நடைமுறையில் சிங்களம் தெரிந்த ஒருவரைக் கூட்டிப்போவது வேகம். பக்கத்துக் கட்டிலுக்காரர் மொழிபெயர்த்ததை மட்டும் நம்பி வீட்டுக்கு வராதீர்கள். ஒவ்வொரு தாளையும் போனில் படமெடுத்து, வீட்டில் இன்னொருவர் போனுக்கும் அனுப்பிவையுங்கள். மழைக்காலத்தில் லயத்துக் கூரையை நம்பி ஒரிஜினல் ரிப்போர்ட்டை வைக்க முடியாது.

மாத்திரை வேலை செய்வதை நிறுத்தும்போது

ஒரு நாள் ஸ்கேனில் கட்டி மீண்டும் வளர்வது தெரியலாம். நோயாளி மாத்திரையைத் தவறவிட்டதுதான் காரணம் என்று திட்டாதீர்கள். ஒழுங்காக எடுத்தவர்களுக்கும் இது வரும். கட்டி மருந்துக்குத் தப்பும் புது மாற்றத்தை உண்டாக்கிக்கொள்கிறது. ஜெஃபிட்டினிப், எர்லோட்டினிப் எடுத்தவர்களில் பாதிப் பேருக்கு மேல் டி790எம் என்ற மாற்றம்தான் வரும், அதற்கு ஒஸிமெர்டினிப் கேட்கும். சிலரில் மெட் மரபணு பெருகும். இன்னும் சிலரில் கட்டியே சிறுசெல் என்ற வேறு வகையாக மாறிவிடும், அப்போது கீமோவே மாற வேண்டும். ஒரே ஒரு இடத்தில் மட்டும் வளர்ந்திருந்தால் அங்கே கதிர்ச்சிகிச்சை கொடுத்துவிட்டுப் பழைய மாத்திரையையே தொடர்வதும் உண்டு.

எது நடந்திருக்கிறது என்று ஸ்கேனைப் பார்த்துச் சொல்ல முடியாது. முதலில் ரத்தத்தில் பார்ப்பார்கள், அதில் தெரியாவிட்டால் திரும்பத் துண்டு எடுக்க வேண்டும். அந்தக் கிளினிக்குக்குப் போகும்போது பழைய மரபணு ரிப்போர்ட், இதுவரை எடுத்த மாத்திரைகளின் பெயர், தொடங்கிய மாதம், கடைசி இரண்டு ஸ்கேன் ஆகியவற்றை ஒரே கோப்பில் கொண்டுபோங்கள். புதிய துண்டின் பிளொக் இலக்கத்தையும் பழையதற்குக் கீழே எழுதிவிடுங்கள். மாத்திரையை நிறுத்துவதா, துண்டு எடுக்கும் நாள் வரை தொடர்வதா என்பதை மட்டும் நீங்களாகத் தீர்மானிக்க வேண்டாம். திடீரென்று நிறுத்தினால் சிலருக்கு நோய் சட்டென்று கூடிவிடும், அதனால் கேட்டுவிட்டே நிறுத்துங்கள்.